பழைய பேருந்தின் புகையை நிறுப்பது எப்படி?

காலையில் பள்ளிக்குச் செல்லப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். பேருந்து வருகிறது, ஆட்களை ஏற்றிக்கொள்கிறது. ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பின்புறக் குழாயிலிருந்து கரும்புகை குப்பென்று கிளம்புகிறது. எல்லோரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சற்று நேரத்தில் புகை கலைந்து மறைந்துவிடுகிறது. கண்ணுக்குத்தான் மறைகிறதே தவிர, அதிலிருந்த நுண்துகள்கள் காற்றில் மிதந்துகொண்டேதான் இருக்கின்றன. கைக்குட்டையை எடுத்தவுடன் நாம் மூச்சுடன் இழுப்பது அவற்றையும் சேர்த்துத்தான்.

இப்போது ஒருவர் வந்து, "இந்த வண்டியின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நான் செய்த கருவியை மாட்டுங்கள். புகையில் கால் பங்கு குறைந்துவிடும்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது மெய்யா என்று எப்படிச் சோதிப்பது? கால் பங்கு என்றால் எதில் கால் பங்கு? புகையின் கருமையிலா, பரப்பிலா, எடையிலா? புதிய வண்டியில் சோதிப்பதா, 10 ஆண்டு ஓடிய வண்டியில் சோதிப்பதா?

விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்விகளுக்குச் சட்டப்படியே விடை காண வேண்டிய நிலை அமெரிக்காவில் ஏற்பட்டது. அங்கு 1990-ஆம் ஆண்டு நவம்பரில் காற்றுத் தூய்மைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, நகரங்களில் ஓடும் பழைய பேருந்துகளின் துகள் புகையைக் குறைக்க அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993 ஏப்ரலில் விதிகளை வெளியிட்டது. அந்த விதிகளின் வழியே போனால் புகையை எப்படி எடை போடுகிறார்கள் என்பதையும், ஒரு கருவிக்குச் சான்று கொடுப்பது எவ்வளவு பொறுப்பான காரியம் என்பதையும் அறியலாம்.

பழைய வண்டிக்கு ஏன் தனி விதி?

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் பொதுவாகப் புதிய எஞ்சின்களுக்கே விதிக்கப்படும். அமெரிக்காவில் 1988-இல் கனரக டீசல் எஞ்சின்களுக்கு விதித்த துகள் வரம்பு, ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 0.60 கிராம். நகரப் பேருந்துகளுக்கு இது 1993-இல் 0.10 கிராமாகவும், 1994-இல் 0.07 கிராமாகவும், 1996-இல் 0.05 கிராமாகவும் இறங்கியது. 8 ஆண்டுகளில் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது!

(குதிரைத்திறன்-மணி என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு குதிரைத்திறனுடைய எஞ்சின் ஒரு மணி நேரம் செய்யும் வேலையே அது. உங்கள் வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ முக்கால் யூனிட்.)

ஆனால் பேருந்து என்பது சட்டென்று தூக்கியெறியும் பொருளன்று. 12 ஆண்டுகள், 15 ஆண்டுகள் என்று அது ஓடும். இடையில் எஞ்சின் தேய்ந்து போனால் பணிமனையில் இறக்கி, பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி மறுபடி கட்டிவிடுவார்கள். வண்டி மீண்டும் சாலைக்கு வந்துவிடும். எனவே இன்று விதி போட்டாலும் அதன் பயன் தெருவுக்கு வந்து சேர 15 ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்று பிறக்கும் குழந்தை உயர்நிலைப் பள்ளியை முடித்திருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பழைய எஞ்சின் குதிரைத்திறன்-மணிக்கு 0.50 கிராம் துகள் விடுகிறது. நாளொன்றுக்கு 10 மணி நேரம், சராசரியாக 60 குதிரைத்திறனில் உழைக்கிறது என்று கொள்வோம். ஒரு நாளைய வேலை 600 குதிரைத்திறன்-மணி. வெளிவரும் துகள் 300 கிராம். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 90 கிலோ! இது ஒரு வண்டியின் கணக்கு. அதுவும் ஆளில்லாக் காட்டில் விடும் புகையன்று. மக்கள் நெருங்கி நிற்கும் கடைத்தெருவில், மூக்கின் உயரத்தில் விடும் புகை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் எழுதியவர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். எஞ்சினைப் பிரிக்கும் அந்த நாளைப் பிடித்துக்கொண்டார்கள். எப்படியும் பிரிக்கத்தான் போகிறீர்கள். பாகங்களை மாற்றத்தான் போகிறீர்கள். அப்போதே புகை குறைக்கும் கருவியையும் சேர்த்துப் பொருத்திவிடுங்கள் என்றார்கள். 1980-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7,50,000-க்குக் குறையாத மக்கள் வாழ்ந்த பெருநகரப் பகுதிகளுக்கு விதி பொருந்தும். 1993-ஆம் ஆண்டு மாடல் வரையிலான பேருந்துகளில், 1995 ஜனவரி 1-க்குப் பிறகு எஞ்சினைப் பிரித்துக் கட்டினாலோ மாற்றினாலோ விதிப்படி நடக்க வேண்டும்.

கரியும் அதன் மேல் எண்ணெயும்

கருவியைப் பற்றிப் பேசுமுன், எதைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது அவசியம். வீட்டில் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். ஒரு பீங்கான் தட்டின் விளிம்பைச் சுடரின் மஞ்சள் பகுதிக்குள் ஒரு நொடி காட்டி எடுங்கள். தட்டில் கரி படிந்திருக்கும். பிறகு சுடருக்குச் சற்று மேலே, அது தொடாதபடி காட்டுங்கள். இம்முறை கரி மிகக் குறைவு. ஆகவே சுடரின் உள்ளே கரி உண்டாகிறது. அது வெளியேறுமுன் காற்று கிடைத்தால் எரிந்துவிடுகிறது.

டீசல் எஞ்சினிலும் இதுவே நடக்கிறது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் எரிபொருளைப் பீய்ச்சுகிறார்கள். பீய்ச்சிய தாரையின் நடுவே ஆக்சிஜன் போதாமல் கரி உண்டாகிறது. அதில் பெரும்பகுதி பின்னர் எரிந்துவிட, தப்பிய மிச்சம் புகைக்குழாய்க்குப் போகிறது. நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது எரிபொருள் ஒரே மூச்சில் கூடுகிறது. காற்றை உந்தும் டர்போ வேகம் பிடிக்கச் சிறிது நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் நாம் காணும் கரும்புகை கிளம்புகிறது.

இந்தக் கரி மணிகள் ஒவ்வொன்றும் சுமார் 20 முதல் 30 நானோமீட்டர் விட்டமுடையவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகி 100 நானோமீட்டர் அளவுக்கு வளர்கின்றன. அத்தகைய கொத்துகளை வரிசையாக நிறுத்தினால், ஒரு தலைமுடியின் தடிப்புக்கு ஏறக்குறைய 700 தேவைப்படும். மூக்கு முடியும் தொண்டைச் சளியும் இவ்வளவு சிறியதைத் தடுக்க முடியாமல், நுரையீரலின் அடிவரை விட்டுவிடுகின்றன.

கரி தனியாகவும் வருவதில்லை. கரிக்கு எதையும் உறிஞ்சி ஒட்டவைத்துக்கொள்ளும் குணம் உண்டு அல்லவா? எரியாத டீசல் ஆவியும், எஞ்சினுக்கு வழவழப்புக்காக ஊற்றும் மசகெண்ணெயின் ஆவியும் அதன் மேல் படிந்துகொள்கின்றன. எரிபொருளில் உள்ள கந்தகம் கந்தக அமிலத் துளிகளாகிச் சேர்கிறது. ஆக, துகள் என்று நாம் சொல்வதில் மூன்று சரக்குகள் உள்ளன: கரி, எண்ணெய்ப் பசை, கந்தக அமிலம்.

அமெரிக்க நகரப் பேருந்துகளில் எண்ணெய்ப் பசையின் பங்கு அதிகமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே பல்லாண்டுகளாக நிறைய ஓடியவை டெட்ராய்ட் டீசல் நிறுவனத்தின் இருவீச்சு எஞ்சின்கள். பேச்சு வழக்கில் டூ ஸ்ட்ரோக் என்போமே, அதே வகை. 6வி71, 6வி92 என்பவை அவற்றில் பேர்போனவை. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது: 'வி' எழுத்தின் வடிவில் அமைந்த 6 சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் கொள்ளளவு 71 அல்லது 92 கன அங்குலம். 92 கன அங்குலம் என்பது ஒன்றரை லிட்டர். ஆறுக்கும் சேர்த்து 9 லிட்டர். இவ்வகை எஞ்சினில் சிலிண்டரின் சுவரிலேயே காற்று நுழையும் துளைகள் இருக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது துளைகள் திறக்க, ஓர் ஊதி புதுக்காற்றை உள்ளே தள்ளும். பிஸ்டனின் வளையங்கள் ஒவ்வொரு முறையும் இத்துளைகளைக் கடந்து போவதால், சுவரில் தடவிய மசகெண்ணெயில் கொஞ்சம் காற்றோடு கலந்து போய்விடுகிறது. அந்த எண்ணெய்தான் பசையாகிக் கரியின் மேல் ஏறுகிறது. இதை நினைவில் வையுங்கள். கருவியின் வெற்றியும் தோல்வியும் இதில்தான் அடங்கியிருக்கின்றன.

புகை ஏறும் தராசு

புகையை எடை போடுவது எப்படி? குழாயின் வாயில் ஒரு வடிதாளைக் கட்டி, படிந்ததை நிறுத்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கணக்கு தப்பாகும். குழாயிலிருந்து வரும் புகை கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் இன்னும் ஆவியாகவே உள்ளது. ஆவி தாளின் ஊடே நழுவிப் போய்விடும். தெருவுக்கு வந்து, காற்றோடு கலந்து, ஆறிய பின்னர்தான் அது பசையாகக் கரியில் படியும். நாம் மூச்சில் இழுப்பது ஆறிய புகையை. ஆகவே நிறுக்க வேண்டியதும் ஆறிய புகையைத்தான்.

இதற்காகச் சோதனைச்சாலையில் தெருவைப் போலவே ஒன்றைக் கட்டுகிறார்கள். அது நீண்ட, அகன்ற குழாய். எஞ்சினின் புகையை அதில் விட்டு, வடிகட்டிய தூய காற்றை நிறையக் கலக்கிறார்கள். கலவை வடிதாளை அடையும்போது அதன் வெப்பம் 52 டிகிரி செல்சியசுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. இந்த வெப்பத்தில் தாளில் எது தங்குகிறதோ அதுவே சட்டத்தின் கண்ணில் 'துகள்'. இயற்கையில் துகள் என்று கோடு கிழித்து வைத்த பொருள் எதுவும் இல்லை. அளக்கும் முறைதான் கோட்டைக் கிழிக்கிறது! அறிவியலில் இப்படிப்பட்ட இலக்கணங்கள் பல உண்டு.

தாளில் படிவது சில மில்லிகிராமே. தாளே ஈரத்தை உறிஞ்சி அதைவிடக் கூடுதலாக எடை ஏறிவிடக் கூடும். எனவே வெப்பமும் ஈரப்பதமும் மாறாத ஓர் அறையில் தாளை வைத்திருந்து, சோதனைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் நுண்தராசில் நிறுக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புகையின் எடை. தாளின் வழியே சென்றது மொத்தக் கலவையில் எத்தனையில் ஒரு பங்கு என்று தெரியுமாகையால், மொத்த எடையையும் பெருக்கிக் கண்டுவிடலாம்.

எஞ்சின் அப்போது என்ன செய்துகொண்டிருக்கும்? சும்மா உறுமிக்கொண்டிருந்தால் போதாது. டைனமோமீட்டர் என்ற கருவி எஞ்சினின் தண்டைப் பிடித்து இழுத்துச் சுமை கொடுக்கும். நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் வண்டிகள் ஓடிய விதத்தைப் பதிவு செய்து, அதிலிருந்து 20 நிமிட ஓட்டம் ஒன்றை வகுத்துள்ளார்கள். நொடிக்கு நொடி வேகமும் சுமையும் மாறும்; நிற்கும், கிளம்பும், ஏறும், தளரும். முதலில் ஆறிக் கிடந்த எஞ்சினைக் கிளப்பி ஒரு முறை ஓட்ட வேண்டும். 20 நிமிடம் நிறுத்தி வைத்து, சூடு ஆறாத நிலையில் இன்னொரு முறை ஓட்ட வேண்டும். முதல் விடையில் ஏழில் ஒரு பங்கும் இரண்டாவதில் ஏழில் ஆறு பங்கும் எடுத்துக் கூட்டினால் முடிவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஆறிய ஓட்டத்தில் 0.56, சூடான ஓட்டத்தில் 0.49 என்றால், 0.08 + 0.42 = 0.50 கிராம்.

கருவி செய்யும் வேலை

முதலில் வந்த கருவி வினையூக்கிச் சைலன்சர். சாதாரண சைலன்சரைக் கழற்றிய இடத்திலேயே இதை மாட்டிவிடலாம். உள்ளே தேனடை போன்று நூற்றுக்கணக்கான நேர்த்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கும். துளைகளின் சுவரில் பிளாட்டினம் போன்ற உலோகத்தை மிக மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். புகை இத்துளைகளின் வழியே போகும்போது எண்ணெய் ஆவி, புகையில் மிச்சமுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சுடரின்றியே எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிவிடும்.

கரி என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. தானாக எரிய அதற்கு 550 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நகரப் பேருந்தின் புகைக்குழாயில் அவ்வளவு சூடு கிடைப்பது அரிது. கரி, துளைகளின் வழியே நேராக வெளியே போய்விடும். ஆகவே கருவியை மாட்டிய பின்னும் புகை முன்போலவே கறுப்பாகத் தோன்றலாம், ஆனால் தராசில் குறைந்திருக்கும். 'கண்ணால் கண்டதே மெய்' என்று நம்பினால் இந்தக் கருவியைப் பயனற்றது என்று தூக்கிப் போட்டிருப்போம்.

இதற்கு எதிரான விபத்தும் உண்டு. எரிபொருளில் கந்தகம் அதிகமிருந்தால், அதே வினையூக்கி கந்தக டை ஆக்சைடு வாயுவைக் கந்தக டிரை ஆக்சைடாக மாற்றும். அது நீராவியுடன் கூடிக் கந்தக அமிலத் துளியாகி வடிதாளில் ஏறும். வேதியியல் கணக்குப்படி 64 கிராம் வாயு 98 கிராம் அமிலமாகிறது. வாயுவாய்த் தாளில் தங்காமல் போயிருக்க வேண்டிய பொருள், துகளாகத் தராசில் வந்து உட்காருகிறது. கண்ணுக்குப் புகை தெளிவாகத் தெரிந்தாலும் எடை கூடிவிடலாம்! அமெரிக்க டீசலில் முன்பு சராசரியாகச் சுமார் 0.25 விழுக்காடு கந்தகம் இருந்தது. 1993 அக்டோபர் முதல் சாலை வண்டிகளுக்கான டீசலில் 0.05 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று ஆக்கினார்கள். அதன் பிறகுதான் வினையூக்கியை நம்பிப் பொருத்த முடிந்தது.

சான்று என்னும் சுமை

இப்போது சான்றுக்கு வருவோம். கருவி செய்தவர் முதலில் முகமைக்கு அறிவிப்புத் தர வேண்டும். எந்தெந்த எஞ்சினுக்குப் பொருந்தும், என்ன சோதனை செய்தார், என்ன எண்கள் கிடைத்தன என்பதெல்லாம் அதில் இருக்கும். அறிவிப்பு அரசிதழில் வெளியாகும்; 45 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். பேருந்து நடத்துவோரும், போட்டிக் கம்பெனிகளும் அக்கறையோடு படித்துக் குறை கண்டுபிடிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எதிராளி திருத்தும் விடைத்தாள் அல்லவா!

அவர்கள் இவ்வளவு அக்கறை காட்டக் காரணம் விதியின் அமைப்பு. பேருந்து நிறுவனம் ஒவ்வோர் எஞ்சினாகப் பார்க்கும் வழி, தன் வண்டிகள் முழுவதற்கும் சராசரி காணும் வழி என இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். முதல் வழியின்படி, குறிப்பிட்ட எஞ்சினுக்குத் துகளை 0.10 கிராமுக்குக் கொண்டுவரும் கருவி, வாழ்நாள் செலவு 7,940 டாலருக்குள் சான்று பெற்றிருந்தால் அதைத்தான் பொருத்த வேண்டும். அது இல்லையென்றால், 2,000 டாலருக்குள் 25 விழுக்காடு குறைக்கும் கருவியைப் பொருத்த வேண்டும். அதுவும் இல்லையென்றால் பழையபடியே கட்டிக்கொள்ளலாம். டாலர்கள் 1992-ஆம் ஆண்டு மதிப்பில். வாழ்நாள் செலவு என்பதில் விலை, பொருத்தும் கூலி, பராமரிப்பு, கூடுதலாகக் குடிக்கும் டீசல் எல்லாம் அடங்கும்.

இதன் பொருளை யோசியுங்கள். ஒரே ஒரு கருவி இந்த விலைக்குள் சான்று பெற்றுவிட்டால், அந்த எஞ்சினை வைத்திருக்கும் பெருநகரங்கள் யாவும் 6 மாதத்துக்குப் பின் அந்த அளவுக்குத் துகளைக் குறைத்தே ஆக வேண்டும். சான்று தவறானால் ஆயிரக்கணக்கான வண்டிகளில் பணமும் போகும், புகையும் போகாது. டிக்கெட் விலையில் கைவைக்கும் காரியம் இது.

ஆகவே சோதனையில் ஏமாற்றும் வழிகளை முன்கூட்டியே அடைக்க வேண்டியிருந்தது. முதல் வழி: எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது. நன்றாக ஓடும் ஓர் எஞ்சினில் சோதித்துவிட்டு எல்லா எஞ்சினுக்கும் சான்று கேட்கலாம். எனவே, சான்று கேட்கும் வகைகளுள் மிக மோசமாகப் புகை விடக்கூடியது எதுவோ அதில் சோதிக்க வேண்டும் என்றார்கள். இரண்டாவது வழி, எனக்கு இன்னும் தந்திரமாகத் தோன்றுவது: ஒப்பிடும் தொடக்க நிலையைக் கெடுப்பது. தேய்ந்து எண்ணெய் கக்கும் எஞ்சினை முதலில் அளந்து, பிறகு பாகங்களைப் புதுப்பித்துக் கருவியையும் மாட்டி அளந்தால் பாதிக்குப் பாதி குறைந்ததாகக் காட்டலாம். அதில் கருவியின் பங்கு எவ்வளவு, புது வளையத்தின் பங்கு எவ்வளவு? எனவே முறைப்படி புதிதாய்க் கட்டிய எஞ்சினை அளந்து, அதன் பிறகே கருவியோடு அளக்க வேண்டும். மூன்றாவது வழி, ஒரு நச்சைக் குறைத்து இன்னொன்றை ஏற்றுவது. எரிபொருள் பீய்ச்சும் நேரத்தை முன்னே தள்ளினால் கரி குறையும். ஆனால் எரிதல் சூடாகி நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். எனவே மற்ற வாயுக்களும் அந்த எஞ்சினுக்கு உரிய வரம்புகளைத் தாண்டக் கூடாது.

சோதனைச்சாலையோடு பொறுப்பு முடிவதுமில்லை. 1,50,000 மைல், அதாவது சுமார் 2,40,000 கிலோமீட்டர் வரை துகளின் அளவு சொன்னபடி நிற்கும் என்று செய்தவர் உத்தரவாதம் தர வேண்டும்.

இந்த விதிகளின்படி எங்கல்ஹார்டு நிறுவனத்தின் வினையூக்கிச் சைலன்சர் 1995 மே மாதம் 25 விழுக்காட்டுச் சான்று பெற்றது. 1979 முதல் 1987 வரையிலான 6வி92 எஞ்சினுக்கு விதியில் கொண்ட தொடக்க அளவு 0.50, கால் பங்கு குறைய, சுமார் 0.38. அதே ஆண்டு அக்டோபரில் டெட்ராய்ட் டீசல், கருவி எதையும் குழாயில் மாட்டாமல், எஞ்சினின் உட்பாகங்களையே திருத்திய வடிவில் மாற்றும் ஒரு தொகுதிக்குச் சான்று பெற்றது. 0.10 கிராம் என்ற கடினமான இலக்கு 1997 மார்ச்சில்தான் எட்டப்பட்டது. எங்கல்ஹார்டின் அந்தத் தொகுதியில் வினையூக்கியோடு, எரியறைப் பாகங்களில் பீங்கான் பூச்சும் சேர்ந்திருந்தது. எண்ணெய்ப் பசையை வெளியே எரித்தார்கள், கரியை உள்ளேயே குறைத்தார்கள்.

வடிகட்டி வந்த பின்

எஞ்சிய கரியையும் பிடிக்க, துளைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அடைத்த வடிகட்டிகள் பின்னர் பரவின. ஒரு துளைக்குள் நுழையும் புகை சுவரை ஊடுருவித்தான் அடுத்த துளைக்குப் போக முடியும். கரி சுவரில் தங்கிவிடும். தங்கிய கரி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவைக் கொண்டு 300 டிகிரிக்குள்ளேயே அதை எரிக்கும் முறையையும் கண்டார்கள். கலிபோர்னியாவில் இத்தகைய கருவிகளை 25, 50, 85 விழுக்காடு என மூன்று படிகளாகப் பிரித்துச் சோதித்து ஏற்கிறார்கள். எரித்தது போக மிஞ்சும் நைட்ரஜன் டை ஆக்சைடு தானே ஒரு நச்சு என்பதால், கருவியால் அது எவ்வளவு கூடலாம் என்பதற்கும் அங்கே வரம்பு விதித்தார்கள்.

சான்று பெற்ற கருவியும் தெருவில் தவறலாம் என்பதைப் பிரிட்டன் கண்டது. அங்கே 2017 முதல் பழைய பேருந்துகளில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் கருவிகளுக்குச் சான்று கொடுத்து, அரசுப் பணத்தில் பொருத்தினார்கள். 80 விழுக்காடு குறையும் என்பது எதிர்பார்ப்பு. சாலையோரத்தில் கருவிகளை வைத்து, கடந்து போகும் வண்டிகளின் புகையை அளந்தபோது ஐயம் எழுந்து, 2023-இல் புதிய நிதியை நிறுத்தி வைத்தார்கள். 2024-இல் வெளியான ஆய்வில் சராசரியாகக் குறைந்தது 11 விழுக்காடு மட்டுமே என்று தெரிந்தது. யூரியாக் கரைசலைத் தெளித்து வேலை செய்யும் இக்கருவிகளுக்கும் வினையூக்கியைப் போலவே போதிய சூடு தேவை. நின்று நின்று ஊரும் பேருந்தில் அது எப்போதும் கிடைப்பதில்லை.

சூடு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் எஞ்சின் கருவியில்லாமல் ஆறிய ஓட்டத்தில் 0.70 கிராமும் சூடான ஓட்டத்தில் 0.42 கிராமும் துகள் விடுகிறது. ஒரு கருவியை மாட்டியதும் இவை 0.63, 0.315 என்று குறைகின்றன. விற்பவர் சூடான ஓட்டத்தை மட்டும் காட்டி, "சரியாக 25 விழுக்காடு குறைந்துவிட்டது, சான்று கொடுங்கள்" என்கிறார். ஏழில் ஒரு பங்கு, ஏழில் ஆறு பங்கு என்ற விதிப்படி கூட்டுங்கள். முன்பு 0.10 + 0.36 = 0.46; பின்பு 0.09 + 0.27 = 0.36. குறைந்தது 22 விழுக்காடு கூட முழுதாக இல்லை. சான்று கிடையாது.